மனுவும் கையறுநிலையும்

நான் வளர்ந்த நாட்களில் கள்ளக்குறிச்சியில் ரயில் என்பது பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டிய வஸ்து. ஒரு பக்கம் சின்னசேலம், இன்னொரு பக்கம் உளுந்தூர்ப்பேட்டை. கல்வராயன் மலைக்காரர்களுக்கு அது இன்னும் தூரம். வெள்ளிமலையிலிருந்து இறங்கிக் கச்சிராயபாளையம் வந்து, அங்கிருந்து கள்ளக்குறிச்சி, அப்புறம் சின்னசேலம். இவ்வளவு தொலைவில் இருந்தும் ரயிலில் அடிபட்டுச் செத்தவர்கள் எங்கள் பக்கத்தில் நிறைய உண்டு. உள்ளூர் வக்கீல் ஒருவரிடம் பதினெட்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்ததில் அந்தச் சாவுகளின் காகிதங்கள் பல என் கை வழியாகப் போயிருக்கின்றன. சென்னையில் ரயில்வே உரிமைக் கோரிக்கைத் தீர்ப்பாயத்தின் அமர்வு இருக்கிறது. வழக்கு அங்கே நடக்கும். ஆனால் செத்தவனின் பெண்டாட்டி முதலில் வந்து உட்காருவது எங்கள் ஆபீஸ் பெஞ்சில்தான். அவள் சொல்வதை மனுவாக ஆக்குவது என் வேலை. அந்த மனுவின் பாஷையைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன். பாஷையைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் நமக்கு, அது ஒருத்தியின் சாப்பாட்டைத் தீர்மானிக்கிற இடம் எப்படி இருக்கும் என்று தெரிந்திருப்பது நல்லது என்று தோன்றுகிறது.

முதலில் இரண்டு வார்த்தைகள். நிவாரணம், இழப்பீடு. பேச்சில் இரண்டும் ஒன்றாகத்தான் புழங்குகின்றன. 'சர்க்கார் பணம் குடுக்குதாம்' என்பதில் இரண்டும் அடங்கிவிடும். வாஸ்தவத்தில் இவை எதிர்த் திசைகளில் நிற்பவை. நிவாரணம் கொடுப்பவனின் மனசைப் பொறுத்தது. கொடுக்காவிட்டால் கேட்க முடியாது. இழப்பீடு கடன். கொடுத்தாக வேண்டும், காலம் தாழ்ந்தால் வட்டி கேட்கலாம். ஒருத்தி எங்கள் பெஞ்சில் வந்து உட்காரும்போது நிவாரணம் கேட்பவளின் முகத்தோடுதான் உட்காருகிறாள். கை கூப்பியிருக்கும். அதைப் பிரித்துவிட்டு, 'இது பிச்சை இல்லம்மா, உனக்குச் சேர வேண்டியது' என்று சொல்லிப் புரியவைக்க ஒரு பகல் ஆகும். சிலருக்குக் கடைசிவரை புரிவதில்லை.

புரியாததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சட்டத்துக்கே அது புரிய வெகுகாலம் பிடித்தது. 1808-இல் இங்கிலாந்தில் ஒரு குதிரைக் கோச்சு கவிழ்ந்து ஒருவனின் மனைவி செத்துப்போனாள். அவன் வழக்குப் போட்டான். மனித உயிர் போனதை ஒரு தீங்கென்று சிவில் நீதிமன்றத்தில் முறையிட முடியாது என்றார் நீதிபதி எல்லன்பரோ. அதாவது காலை ஒடித்தால் காசு உண்டு, கொன்றுவிட்டால் கிடையாது. அதே நாட்டில் இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு பழைய வழக்கமும் இருந்தது. ஒரு பொருள் மனிதனைக் கொன்றால் அந்தப் பொருளோ அதன் மதிப்போ அரசனுக்குச் சேரும். டியோடாண்ட் என்று பெயர். கடவுளுக்குக் கொடுக்கப்பட வேண்டியது என்று அர்த்தம். வண்டிச்சக்கரம், கொப்பரை, முட்டிய மாடு என்று போய்க்கொண்டிருந்த வழக்கத்துக்குள் ரயில் வந்து சேர்ந்தது. 1841 டிசம்பர் 24-ஆம் தேதி ரெடிங் ஊருக்குப் பக்கத்தில், சானிங் என்ற இடத்தில், சரிந்து கிடந்த மண்ணில் ரயில் மோதி, திறந்த வண்டியில் உட்கார்ந்து வந்த மூன்றாம் வகுப்புப் பயணிகள் ஒன்பது பேர் மாண்டார்கள். விசாரித்த ஜூரிகள் எஞ்சினின் மேலும் வண்டிகளின் மேலும் பெருந்தொகை ஒன்றை டியோடாண்டாக விதித்தார்கள். செத்தவர்களின் குடும்பத்துக்கு அதில் பாத்தியதை இல்லை. 1846-இல் அந்த வழக்கத்தை ஒழித்தார்கள். அதே ஆண்டு, செத்தவனைச் சார்ந்திருந்தவர்கள் வழக்குப் போடலாம் என்று வேறொரு சட்டம் செய்தார்கள். இரண்டும் ஒரே ஆண்டில் நடந்தது தற்செயல் அல்ல. ரயில் கம்பெனிகளுக்கு அரசனைவிட விதவைகள் செலவு குறைந்தவர்களாகத் தெரிந்திருக்கலாம்.

நமக்கு மனுநீதிச் சோழன் கதை இருக்கிறது. தேர்க்காலில் கன்று மாண்டதற்கு மகனைத் தேர்க்காலில் இட்டான். நம் நீதிக் கற்பனையின் உச்சம் என்று பாடப்புத்தகம் முதல் நீதிமன்ற வளாகத்துச் சிலை வரை அதைக் கொண்டாடுகிறோம். கொண்டாடுவதில் ஒன்று விட்டுப்போகிறது. மணி அடித்த பசு என்ன ஆயிற்று? புராணத்தில் சிவபெருமான் தோன்றிக் கன்றையும் மகனையும் எழுப்பிவிடுகிறார். தெய்வம் தோன்றாத இடங்களில் பசுவுக்கு என்ன செய்வது என்று அந்தக் கதைக்குத் தெரியாது. தண்டனை பற்றி நமக்கு மகத்தான கதை இருக்கிறது. மிச்சமிருப்பவர்கள் மறுநாள் எப்படிச் சாப்பிடுவார்கள் என்பது பற்றிக் கதையில்லை என்றுதான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே 1855-இல் உயிர்ச்சேத விபத்துச் சட்டம் வந்தது. 1890-ஆம் வருஷத்து ரயில்வே சட்டத்தில், ரயில்கள் மோதிக்கொண்டாலோ தடம்புரண்டாலோ பணம் தர வேண்டும் என்று 1943-இல் ஒரு பிரிவு சேர்த்தார்கள். உச்சவரம்பு முதலில் 10,000 ரூபாய். 1956 நவம்பர் 23-ஆம் தேதி விடியலில், உளுந்தூர்ப்பேட்டை வழியாகப் போகும் அதே பாதையில், அரியலூருக்கு அப்பால் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்து ஏறக்குறைய 150 பேர் செத்தார்கள். லால் பகதூர் சாஸ்திரி மந்திரி பதவியை விட்டார். அது சரித்திரத்தில் இருக்கிறது. ஆனால் ரயிலில் நடக்கிற சாவுகளில் பெரும்பாலானவை சரித்திரத்தில் ஏறாதவை. கதவோரம் நின்ற ஒருவன் விழுகிறான். வண்டி நிற்பதுகூட இல்லை. மோதலும் இல்லை, தடம்புரளலும் இல்லை, ஆகவே அந்தப் பிரிவின்படி அவன் சாவு விபத்தே இல்லை. அவனுக்காகச் சட்டம் வாயைத் திறந்தது 1994-இல். 1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டத்தில் 124-ஏ என்ற பிரிவைப் புகுத்தினார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் முதல் நடைமுறை.

124-ஏ பிரிவை நான் இலக்கியம் படிப்பதுபோலப் பலதடவை படித்திருக்கிறேன். ரயில்வே நிர்வாகத்தின் தவறு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, பயணி ஒருவன் ஓடும் வண்டியிலிருந்து தற்செயலாக விழுந்து செத்தால் அவனைச் சார்ந்தவர்களுக்குப் பணம் தர வேண்டும். தொகையும் விதியில் எழுதப்பட்டது. முதலில் இரண்டு லட்சம், 1997 நவம்பரிலிருந்து நான்கு லட்சம், 2017 ஜனவரியிலிருந்து எட்டு லட்சம். டாக்டருக்கும் எட்டு, சித்தாளுக்கும் எட்டு. தற்கொலை, தானே வருவித்துக்கொண்ட காயம், தன் குற்றச்செயல், குடிபோதையிலோ சித்தம் கலங்கியோ செய்த செயல், இயற்கையான நோய், இவற்றால் வந்த சாவுக்குக் கிடையாது. இந்த நிகழ்வுக்கு ஆங்கிலச் சட்டம் வைத்திருக்கும் பெயரை எங்கள் வக்கீல் 'அசம்பாவிதம்' என்று தமிழ்ப்படுத்துவார். சம்பவிக்க முடியாதது என்று அதற்கு அர்த்தம். தினமும் நடப்பதற்கு நடக்க முடியாதது என்று பெயர் வைத்து, அதை நடந்ததாக நிரூபிக்கச் சொல்கிற வேலை எங்களுடையது.

யாருடைய குற்றம் என்று கேட்காத சட்டம் கருணையானதுதான். அதில் வேறொரு விளைவும் உண்டு. யாரும் குற்றவாளி இல்லை. கதவு ஏன் திறந்து கிடந்தது, நூறு பேர் பெட்டியில் முந்நூறு பேர் ஏன் என்ற கேள்விகளுக்கு மனுவில் இடமில்லை. குற்றம் போன இடத்தில் சந்தேகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ரயில்வே என்ன தவறு செய்தது என்று விசாரிக்க வேண்டாம் என்றானபின், விசாரிக்க மிச்சமிருப்பவன் செத்தவன் ஒருவன்தான். அவன் டிக்கெட் வாங்கினானா? குடித்திருந்தானா? விழுந்தானா, குதித்தானா? வண்டியிலேயே இருந்தானா, தண்டவாளத்தைக் கடந்தானா?

சில ஆண்டுகளுக்கு முன் வெள்ளிமலைக்கு மேலே ஒரு சிற்றூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். மலையாளி ஜாதி, கேரளத்துக்காரர்களைச் சொல்லவில்லை, மலையை ஆளும் எங்கள் மலைவாசிகளின் பெயர் அது. கடுக்காய் பொறுக்கிச் சாமையும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். புருஷன் மூன்று பேரோடு காப்பித் தோட்ட வேலைக்குப் போய்த் திரும்பி வரும்போது, முன்பதிவில்லாப் பெட்டியின் கதவோரம் நின்றவன் இரவில் விழுந்துவிட்டான். கூட வந்தவர்கள் தூக்கத்தில் இருந்தார்கள். இறங்கும்போதுதான் ஆள் குறைவது தெரிந்தது. இரண்டு நாள் கழித்துப் போலீஸ் அடையாளம் கேட்டு வந்தது. சட்டைப்பையில் ஒரு தீப்பெட்டியும் அறுபது ரூபாயும் இருந்தன. டிக்கெட் இல்லை.

'டிக்கிட்டு எங்கம்மா?' என்றேன்.

'நாலு பேருக்கும் சேத்து ஒரே டிக்கிட்டுங்கண்ணா. எங்க மாமன் மவன் கையில இருந்துது. எறங்கினதும் கிழிச்சிப் போட்டாராம்.'

இதில் பொய் சொல்ல ஒன்றுமில்லை. முன்பதிவில்லாத டிக்கெட்டை நான்கு பேருக்குச் சேர்த்து ஒரே சீட்டாகக் கொடுப்பார்கள். ஒருவன் கையில் இருக்கும். டிக்கெட் உயிரோடு இருந்தவனோடு போய்விட்டது. செத்தவன் கணக்கில் டிக்கெட்டில்லாதவன் ஆகிவிட்டான்.

அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆவது பிரிவுப்படி எழுதிய பிணவிசாரணைக் காகிதத்தில் இன்னொரு வரி இருந்தது. இறந்தவர் மலைவாசி என்றும் மது அருந்தியிருக்கலாம் என்றும். 'என்றும்' என்ற இரண்டு இடைச்சொற்களுக்கு நடுவில் ஒரு முழு தர்க்கம் நிற்கிறது. எழுதியவர் கெட்டவரல்ல. மலைக்காரன் என்றால் சாராயம் என்பது எங்கள் சமவெளியில் பிறந்த யாருக்கும் யோசிக்காமலே கைக்கு வருவது. பிரேதப் பரிசோதனையில் வயிற்றுப் பொருளை ரசாயனச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். மது இல்லை என்று பதில் வந்தது. அந்த ஒற்றைத் தாளின் நகலை வாங்க அவள் நான்கு தடவை மலையிறங்கினாள்.

உச்ச நீதிமன்றம் இவளுக்கு மூன்று தீர்ப்புகளில் வழி செய்து வைத்திருந்தது. வர்க்கலா ஸ்டேஷனில் ரயிலேற முயன்று விழுந்து மாண்ட பெண்ணின் வழக்கில், 2008-இல், இந்தச் சட்டம் ஏழைகள் பயணம் செய்யும் ரயிலைப் பற்றியது, ஆகவே சொற்களை இறுக்கிப் பிடித்துப் பொருள் கொள்ளக் கூடாது என்று நீதிபதி கட்ஜு எழுதினார். ஏறும்போது விழுவதும் வண்டியிலிருந்து விழுவதுதான் என்றாயிற்று. திறந்த கதவருகே நிற்பது அஜாக்கிரதையாக இருக்கலாம், அது குற்றச்செயல் ஆகாது என்று 2010-இல் வந்தது. 2018 மே 9-ஆம் தேதித் தீர்ப்பு டிக்கெட்டைப் பற்றியது. உடலில் டிக்கெட் இல்லை என்பதாலேயே அவன் பயணி இல்லை என்று ஆகாது. அதேபோல் தண்டவாளத்தருகே கிடந்தான் என்பதாலேயே பயணி என்றும் ஆகாது. உரிமை கோருபவர் தனக்குத் தெரிந்த உண்மைகளைப் பிரமாண வாக்குமூலமாகச் சொல்ல வேண்டும். சொன்னபின் மறுக்கும் பாரம் ரயில்வேயின்மேல் போகும்.

பாமரர் ஒருவரின் வாக்கே சாட்சி என்று ஒரு பெரிய நீதிமன்றம் சொல்வது சாமானிய விஷயமல்ல. ஆனால் அந்த வாக்கு அவளுடைய வாக்காக இருக்கக் கூடாது. 'அவுரு வண்டியில வந்தாருங்க, வந்துட்டேன்னு போன் பண்ணாரு' என்று அவள் சொல்வதை, மேற்படி இறந்தவர் மேற்படி தேதியில் செல்லத்தக்க பயணச்சீட்டுடன் மேற்படி ரயிலில் பயணம் செய்துகொண்டிருந்தார் என்று நான் எழுதுவேன். தமிழில் எழுதி, பிறகு இங்கிலீஷில் ஆக்குவோம். அவள் சொன்ன ஒவ்வொன்றும் அதில் இருக்கும். அவள் இருக்கமாட்டாள். அவன் போன் பேசும்போது பின்னால் முறுக்கு விற்பவன் குரல் கேட்டதாக அவள் சொன்னாள். இலக்கியம் என்றால் அந்த முறுக்குக்காரனில்தான் ஆரம்பிக்கும். மனுவில் அவனை அடித்துவிடப் போனேன். எங்கள் வக்கீல் படித்துவிட்டு, 'அது இருக்கட்டும்யா, வண்டிக்குள்ள இருந்தான்னு காட்டுதில்ல' என்றார். எந்த விவரம் உயிருள்ளது என்பதில் எனக்கும் அவருக்கும் காரணங்கள் வேறு. முடிவு ஒன்றாக இருந்தது.

அடுத்து, அவள் அவனுக்கு யார் என்பது. சட்டம் சார்ந்தோரைப் பட்டியல் போட்டுச் சொல்கிறது. மனைவி, கணவன், மகன், மகள், பெற்றோர், சில நிலைகளில் விதவைச் சகோதரி, விதவை மருமகள் என்று அது இரக்கத்தோடுதான் நீளுகிறது. ஆனால் இவள் கல்யாணம் பதிவாகவில்லை. பரிசம் போட்டுக் கூட்டி வந்தது. ஊர்க்கவுண்டர் சாட்சி. கல்வராயன் மலை மூன்று ஜாகீர்களாக, சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்பவர்கள் கையில் 1976 வரை இருந்தது. அதற்குப் பிறகுதான் சர்க்காரின் காகிதம் மலையேறியது. கீழே நாம் நூற்றைம்பது வருஷமாகப் பழகிய ரசீது, பட்டா, பதிவு எல்லாம் அங்கே ஒன்றிரண்டு தலைமுறைச் சங்கதி. காகிதத்தில் இல்லாத வாழ்க்கையைச் சாவு திடீரென்று காகிதமாகக் கேட்கிறது.

இந்த வேலையில் இருந்துகொண்டு புறநானூற்றைப் படித்தபோதுதான் கபிலரை எனக்குப் புரிந்தது. பாரி செத்தபின் கபிலர் பாடியவற்றைக் கையறுநிலை என்று திணை துறை வகுத்துப் படிக்கிறோம், சரி. அதற்கப்புறம் அவர் பாரியின் பெண்களைக் கூட்டிக்கொண்டு விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் போன பாட்டுகள் இருக்கின்றனவே, அவை கையறுநிலையல்ல. மனுக்கள். இவர்கள் யார் என்று கேட்பாயானால் என்று எதிராளியின் கேள்வியைத் தானே எழுப்பிக்கொண்டு, தகப்பன் இன்னான், அவன் செய்தது இன்னது, நான் அவன் தோழன், ஆகவே இவர்கள் என் மக்கள் என்று வரிசையாக நிறுவுகிறார். எந்த உறவில் இவர்களுக்காகப் பேசுகிறேன் என்று சொல்வது எங்கள் மனுவிலும் முதல் பத்தி. இருங்கோவேள் மறுக்கிறான். அடுத்த பாட்டில் கபிலர் முன்னுதாரணம் காட்டி எச்சரிக்கிறார்: உன் முன்னோன் ஒருவன் புலவனை இகழ்ந்ததால்தான் உங்கள் அரையம் அழிந்தது. அப்பீல் மாதிரி இருக்கிறது.

பசுவைப் பற்றிக் கதையில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்றேனே, கதை இங்கே இருந்தது. நம் விமர்சகர்கள் பறம்பு மலையின் நிலவைப் பற்றி எழுதிய அளவுக்கு இந்த வாசல் வாசலாக ஏறிய பாட்டுகளைப் பற்றி எழுதவில்லை. துக்கம் கவிதைக்கு உகந்தது, ஜீவனாம்சம் உகந்ததல்ல என்ற மதிப்பீடு நமக்குள் இருக்கிறது. கபிலருக்கு அது இருந்ததாகத் தெரியவில்லை. எங்கள் மாவட்டத்துத் திருக்கோவிலூரில்தான் அவர் கதை முடிகிறது. அடைக்கலமாக வந்த பாரி மகளை மலையமான் குடியில் கொடுத்துவிட்டுத் தீப்புகுந்தார் என்று வீரட்டானேசுவரர் கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. பெண்ணையாற்றின் நடுவே அந்தப் பாறை நிற்கிறது. பொறுப்பை முடித்த பிறகுதான் துக்கப்பட அவர் நேரம் எடுத்துக்கொண்டார் என்பது என் வாசிப்பு.

2024-ஆம் வருஷம் எங்கள் மாவட்டம் இரண்டு தடவை பத்திரிகையில் வந்தது. மே மாதம் 2-ஆம் தேதி இரவு, கொல்லம் எக்ஸ்பிரஸில் போன கர்ப்பிணி ஒருவர் உளுந்தூர்ப்பேட்டையைத் தாண்டி விழுந்து இறந்தார். சங்கிலியை இழுத்தும் வண்டி நிற்கவில்லை என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். தெற்கு ரயில்வே விசாரணைக்கு உத்தரவிட்டது. ஜூன் மாதம் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மாநில அரசு குடும்பத்துக்குப் பத்து லட்சம் அறிவித்தது. குடித்தவனுக்குப் பத்து லட்சமா என்று ஊரில் கேட்காதவர்கள் இல்லை. உயர் நீதிமன்றம் வரை அந்தக் கேள்வி போயிற்று.

அந்தக் கேள்வியில் எனக்குச் சேர்க்கையில்லை. குழந்தைகள் குடிக்கவில்லை. எனக்குத் தோன்றுவது வேறு. கருணாபுரத்தில் கொடுத்தது நிவாரணம்; ஒரே வாரத்தில் கைக்கு வந்தது. மலைக்காரிக்குச் சேர வேண்டியது இழப்பீடு. நான்கு வருஷம் ஆயிற்று. முன்னதில் ஒருவரும் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை, ஊர் முழுக்கக் காறித் துப்புவதைப் பொறுத்துக்கொண்டால் போதும். பின்னதில் அவமானம் இல்லை, ஆனால் புருஷன் குடிக்கவில்லை, குதிக்கவில்லை, திருட்டு ரயில் ஏறவில்லை, தன் புருஷன்தான் என்று ஒவ்வொன்றாக நிலைநாட்ட வேண்டும். ஜனங்கள் நிவாரணத்தையே ஏன் விரும்புகிறார்கள் என்று சட்டம் படித்தவர்கள் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். உரிமையை அடையும் வழி பிச்சையை அடையும் வழியைவிட நீளமாக இருக்கும் தேசத்தில் வேறெதை விரும்புவார்கள்?

அவளுக்குத் தீர்ப்பாகிவிட்டது. எட்டு லட்சமும் வட்டியும். பிள்ளைகளின் பங்கு அவர்கள் வயசுக்கு வரும்வரை பாங்கில் இருக்கும். மாமன் மகனின் வாக்குமூலத்தை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். உத்தரவு இங்கிலீஷில் பத்துப் பதினொரு பக்கம். படித்துச் சொல்லச் சொன்னாள். 'இறந்தவர்', 'மனுதாரர்', 'எதிர்மனுதாரர்' என்று சொல்லிக்கொண்டே போனேன்.

'அவுரு பேரு எங்கயும் வரலிங்களாண்ணா?' என்றாள்.

இரண்டாவது பக்கத்தில் ஒரே இடத்தில் வந்திருந்தது. தகப்பன் பேர், வயசு, ஊரோடு. அப்புறம் கடைசிவரை இறந்தவர்தான். அந்த வாக்கியத்தை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னாள். படித்தேன். தாளை வாங்கி எந்த எழுத்துகள் என்று விரலை வைத்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன். பையனை முன்னால் இழுத்து அவன் விரலையும் அந்த இடத்தில் வைத்தாள். மூன்றரை மணி வெள்ளிமலை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்கள்.